நேரே வீட்டுக்கு வந்தவன்

பொன்சோ அண்ணனின் சவப்பெட்டிக்கு மேலே கண்ணாடி பதித்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் அவர் முகத்துக்கு ஒரு சாண் மேலே என் முகமும் தெரிந்தது. எழுபத்தெட்டு வயதில் செத்தவர் எழுபது வயதில் உயிரோடிருப்பவனைவிட நன்றாக இருந்தார். கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டிருந்தார்கள், அது ஒன்றுதான் அவரைப்போல் இல்லை. வாழ்நாளில் அவர் போடாத பொத்தான் அது. ஐம்பது வருடம் பனிக்கட்டி அறுத்த கைகளில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள்.

"தாசியோ, எட்டி எட்டிப் பாத்தது போதும். அவரு ஒண்ணும் எந்திரிக்கப் போறதில்ல," என்றார் அவர் மனைவி கொன்சிங் அண்ணி, நாற்காலியிலிருந்தபடியே. "நாலு நாளா எல்லாரும் ஜெபமா சொல்லித் தள்ளுறாங்க. நீ உக்காந்து ஒரு கதை சொல்லு. அவருக்கும் மாறுதலா இருக்கும்."

அடக்கம்வரை நாள்கணக்கில் பெட்டியோடு விழித்திருப்பது எங்கள் ஊர் வழக்கம்; தூக்கம் வராமலிருக்க முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். எனக்கு இந்த ஊரில் அப்படி ஒரு பெயர். சந்தையில் நாற்பத்தைந்து வருடம் மீன் விற்றேன். 'தாசியோ மீன் புதுசு என்றால் மோந்து பார், மழை பெய்கிறது என்றால் கையை நீட்டிப் பார்' என்பார்கள். ஒருமுறை நான் பிடித்த களவா மீன் அவ்வளவு பெரியது. கரைக்குத் திரும்ப வேண்டும், கொஞ்சம் இறங்கிக்கொள் என்று அதனிடம் கெஞ்சிக் கேட்டுத்தான் படகைத் திருப்ப முடிந்தது. இதை நான் பாதிரியாரிடமே சொல்லியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, வெளியே.

கதையை எங்கே தொடங்குவது என்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் கோயில் இளைஞர் குழுவில் நாங்கள் பதினான்கு பேர். பொன்சோ அண்ணன்தான் தலைவர், இருபத்தைந்து வயது, ஒரு கம்பி குறைந்த கிடாரோடு. ஊரில் எந்தச் சாவு வீடானாலும் மதியச் சூட்டில் எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பாட வைப்பார். பாட்டு முடிந்ததும் துக்க வீட்டுக்காரர்கள் பிஸ்கட் தருவார்கள். அப்புறம்தான் எங்களுக்கு உண்மையான வேலை தொடங்கும். சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக்கூடாது. வழியில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் செத்தவர் கூடவே நடந்து வீட்டுக்குள் வந்துவிடுவார். எங்களூரில் இது நாய்க்கும் தெரியும். மற்றவர்கள் ஏதோ ஒரு பெட்டிக்கடை முன்னால் எச்சில் துப்பும் நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். பொன்சோ அண்ணன் அதை ஊர்சுற்றலாக மாற்றிவிட்டார். ஒருநாள் ரொட்டிக் கடை, ஒருநாள் படகுத்துறை, ஒருநாள் முடிவெட்டும் கடை. அங்கே யாரும் முடி வெட்டிக்கொள்வதில்லை. பதினான்கு பேரும் பெரிய கண்ணாடியில் எங்களையே பார்த்துவிட்டு வருவோம். வெயில் அதிகமானால் அவர் வேலை செய்யும் பனிக்கட்டித் தொழிற்சாலை. ரம்பத்தில் தெறிக்கும் சில்லுகளை ஆளுக்கொன்றாக வாயில் போடுவார். போகிற வழியில் ஒவ்வொருவரிடமும் "இன்னிக்கி என்ன சாப்பிட்ட?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்பார். எங்கள் வீட்டில்கூட அப்படி நின்று யாரும் கேட்டதில்லை.

"நோட்டரி செத்தப்போ ரொட்டிக் கடையில நின்னோமே, அதச் சொல்லுடா," என்றாள் பிதேலா. அவள் அன்றைக்கும் என் பக்கத்தில் நின்று பாடியவள். இன்றைக்கும் பக்கத்து நாற்காலி.

சொன்னேன். நோட்டரி பெரிய கருமி. நாங்கள் ரொட்டிக் கடையில் நின்றதும் அவருக்கு இடம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். மறுநாளிலிருந்து ரொட்டி எடை குறைய ஆரம்பித்தது. மாவு அதே மாவு, அடுப்பு அதே அடுப்பு. ஒரு மாதத்தில் ரொட்டி பொத்தான் அளவுக்கு வந்ததும் கடைக்காரர் தீர்த்தம் தெளிக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் ஓடினார். படகுத் தலைவர் செத்தபோது துறையில் நின்றோம். அவர் எங்களுக்குக் கையசைத்துவிட்டு மாலைப் படகில் ஏறி அக்கரைக்குப் போய்விட்டார், டிக்கட் எடுக்காமல். முற்றம் குலுங்கியது. சீட்டாட்டத்திலிருந்த தோமெங்குக்குச் சிரிப்பில் இருமல் வந்து யாரோ முதுகில் தட்டினார்கள். அண்ணியும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் வாய் தானாக அடுத்ததற்குப் போய்விட்டது. அதை நான் சொல்லத் திட்டமிட்டிருக்கவில்லை. ஐம்பத்து மூன்று வருடமாகச் சொல்லாமலிருக்கத்தான் திட்டமிட்டிருந்தேன்.

"ஒருநாள் நான் மட்டும் நிக்காம வீட்டுக்கு ஓடிட்டேன்," என்றேன்.

அன்றைக்கு எங்கள் மாகாணத்துக் குத்துச்சண்டைக்காரன் ஒருவன் மணிலாவில் மோதினான். வானொலியில் சொல்வார்கள். அரிசி ஆலைக்காரர் வீட்டுச் சாவு. பாடி முடித்ததும் எல்லோரும் துறைப்பக்கம் திரும்பினார்கள். நான் வேலி தாண்டி வாழைத்தோப்பு வழியாக நேரே வீட்டுக்குப் போனேன். வீட்டில் என் அக்கா பாசிங் பிள்ளை பெற்றுப் பத்தொன்பதாம் நாள். மறுநாள் காலை குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. "நேத்து எங்கடா நின்னுட்டு வந்த?" என்றாள் அக்கா. அவள் கையில் விளக்குமாறு இருந்தது. பதினேழு வயதில் எனக்கு விளக்குமாறுதான் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. "எங்கயும் நிக்கல. பொன்சோ அண்ணன்தான் அதெல்லாம் மூடநம்பிக்கை, நேரா வீட்டுக்குப் போங்கன்னாரு," என்றேன். நான் சொன்னதிலேயே மிகச் சின்னப் பொய். அதில் மீனும் இல்லை, பேயும் இல்லை.

மதியம் பொன்சோ அண்ணனே வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுச் சாக்கில் உமி போட்டுச் சுற்றிய பனிக்கட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், தோள் நனைந்திருந்தது. அக்கா மாடிப்படி உச்சியில் நின்று தெருவே கூடும்படி கத்தினாள். "என் பிள்ளைய எமனுக்குக் காட்டிக் குடுத்துட்டு இப்ப ஐஸோட வர்றியா? நேரா வீட்டுக்குப் போகச் சொன்னது நீதான?" அவர் அண்ணாந்து அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எங்கள் வீட்டுக் கோழியைப் பார்த்தேன். அந்தக் கோழிக்கு இடது காலில் ஒரு விரல் கிடையாது. இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். "ஆமா பாசிங்," என்றார். "என் தப்புதான். மறந்து சொல்லிட்டேன்." பனிக்கட்டியைக் கீழ்ப்படியில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் தொடவில்லை, யாரையும் தொடவும் விடவில்லை. சாயங்காலம்வரை அது படிக்கட்டிலிருந்து தெருவுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் பாதிரியார் வேறொருவரை நியமித்தார். அவர் நன்றாகப் பாடுவார். எங்கும் கூட்டிக்கொண்டு போகமாட்டார்.

நான் முடித்தேன். அப்புறம் தோமெங் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"கோழிக்கு விரல் இல்லையாம்டா!"

"சாவு வீட்லயும் அளக்குறான் பாரு," என்றாள் பிதேலா. "அன்னிக்கு நீ எங்ககூடதான்டா துறைக்கு வந்த. அக்கரைக்குப் போன படகுத் தலைவரையே பாத்தேன்னியே?"

"அது வேற சாவு. இது நெசம் பிதேலா. பெட்டி மேல சத்தியமா."

அதற்கு இன்னும் சிரித்தார்கள். நான் எல்லாக் கதைக்கும் சத்தியம் செய்பவன். களவா மீனுக்கு மாதா மேலேயே சத்தியம் செய்திருக்கிறேன். சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. என்னைக் கிட்டே வரும்படி விரலைக் காட்டினார். முழந்தாளிட்டேன், அவர் காதும் என் முழங்காலும் ஒரே அளவுக்குப் பழுதாகியிருந்தன.

"எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. "கல்யாணமான முதல் வருஷமே சொன்னாரு. ஏன் ஒத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். 'தாசியோ சொன்ன பொய்யில நம்புற மாதிரி இருந்தது அது ஒண்ணுதான், அதக் கெடுப்பானேன்'னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு."

நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"எனக்குச் சிரிப்பு வரல தாசியோ. ஐம்பது வருஷத்துல இந்த ஊர்ல ஒரு பிள்ளையோட ஞானஸ்நானத்துக்குக்கூட அவர ஞானத்தகப்பனா நிக்கக் கூப்பிடல. ஒரு பிள்ளைக்கு. குடிகாரன் தோமெங்குக்கு ஒம்பது ஞானப்பிள்ளைங்க. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இவரு சட்டைய மாட்டிக்கிட்டு, பிள்ளைங்களுக்குக் குடுக்க மிட்டாய் வாங்கி வச்சுக்கிட்டு வாசல்ல உக்காருவாரு. ஞானத்தகப்பன்ட்ட பரிசு வாங்க, பிள்ளைங்க எங்க வீட்டத் தாண்டித்தான் தோமெங் வீட்டுக்கு ஓடும்."

நான் சந்தையில் இருந்த நாற்பத்தைந்து வருடமும் அவரிடம்தான் பனிக்கட்டி வாங்கினேன். தினமும் அரைக்கட்டி கேட்பேன்; அறுத்துக் கொடுத்துவிட்டு மேலே ஒரு சில்லை வைப்பார். "இன்னிக்கி என்ன சாப்பிட்ட?" என்பார். நானும் ஏதாவது ஒரு பொய் சொல்வேன், ஆமைக்கறி, ராஜாவோடு விருந்து என்று. அதை அண்ணியிடம் சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எழுந்தேன். துக்க வீட்டுக்காரர்கள் வந்தவரை வாசல்வரை வழியனுப்பக் கூடாது, எனவே அவர் எழவில்லை. அந்த வழக்கம் இல்லாமலிருந்தாலும் எழுந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது.

வெளியே நோனோய் தன் மூன்று சக்கர வண்டியோடு புளியமர நிழலில் காத்திருந்தான். காய்ச்சல் வந்த அந்தக் குழந்தை இவன்தான். இப்போது ஐம்பத்து மூன்று வயது, நூற்றுப் பத்து கிலோ. இவன் ஏறினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து மற்ற பக்கத்துச் சக்கரம் பயணிகளுக்கு வானத்தைக் காட்டும். அம்மாவுக்குப் பயந்து இந்த வீட்டு வாசலை மிதிக்காதவன். என்னை ஏற்றிக்கொண்டு, சொல்லாமலே ரொட்டிக் கடையில் நிறுத்தினான். ஆளுக்கொரு ரொட்டி வாங்கினான். அங்கேதான் அவனிடம் சொன்னேன்.

அவன் மென்று முடித்தான். "அப்ப ஒரு குத்துச்சண்டைக்காக என்னய சாகக் குடுக்கப் பாத்திருக்கீங்க."

"அப்படிச் சொல்லலாம்."

"யாரு ஜெயிச்சா?"

"தெரியல மாப்ள. ரெண்டாவது சுத்துல பேட்டரி தீந்துருச்சு."

நோனோய் சிரித்தான். கடைக்காரப் பெண் எட்டிப் பார்க்கும்படி, கண்ணாடிப் பெட்டி அதிரச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. சட்டையில் விழுந்த ரொட்டித் தூளை ஒவ்வொன்றாகத் தட்டினான்.

"அவரு என்னய தெருவுல பாக்குறப்பல்லாம் கேப்பாரு மாமா, ஒடம்பு எப்படியிருக்குன்னு. இவ்ளோ குண்டா இருக்கேன், என்ன ஒடம்பக் கேக்குறாருன்னு நினைப்பேன்." வண்டிச் சாவியை எடுத்தான். "அம்மாட்ட யாரு சொல்றது?"

"நீயே சொல்லிரேன். நான் சொன்னா நம்ப மாட்டா."

"நம்ப மாட்டாங்கன்னா பயப்படுறீங்க? நம்பிருவாங்கன்னுதான?"

அக்கா அடுப்படியில் மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் போனதிலிருந்து நானும் அவளும் ஒரே வீட்டில்தான். நின்றபடியே சொன்னேன், கோழியை விட்டுவிட்டு. கத்தி நின்றது. அந்தப் பொய்க்கு அப்புறம் முதல் தடவையாக அவள் என்னை நம்பினாள், முழுதாக, ஒரு கேள்விகூடக் கேட்காமல். விளக்குமாறு கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அதை எடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஐஸ் கொண்டாந்தான்ல," என்றாள் கடைசியில்.

"ஆமாக்கா."

"ஒழுக விட்டேன்."

மீதிச் செதிளை எடுத்துக் கழுவி உப்புப் போட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு வைத்தாள். மறுநாளும் வைத்தாள். பேசவில்லை.

அடக்கத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டி கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் குடை வந்தது. அக்கா, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு. ஆட்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். என்னைத் தாண்டியபோது குடையின் ஓரம் என் தோளில் உரசியது. அவள் நேரே போய்க் கொன்சிங் அண்ணியின் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் குடை அண்ணியின் பக்கம் சாய்ந்தது. நோனோய் முன்னால் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டிருந்தான். அவன் பக்கம் உயரமாக இருந்ததால் பொன்சோ அண்ணன் சற்றுச் சரிந்தபடியே போனார்.

மண் போட்டு முடித்ததும் எல்லோரும் தோட்ட வாசலுக்கு வந்தார்கள். எங்கே நிற்பது என்று பேசிக்கொண்டார்கள். பிதேலா ஏதோ சொன்னாள், தோமெங் வேண்டாமென்றான், அக்கா ஒரு வார்த்தை சொன்னாள், அதுவே முடிவாயிற்று. நான் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்ததால் அது என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. நிமிர்ந்தபோது அவர்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று துறைக்கு, ஒன்று சந்தைக்கு. குடை முன்னால் போயிற்று, அதன் கீழே இரண்டு வெள்ளைத் தலைகள். நான் வெயிலில் நின்று, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.