ஒரு டப்பா பாஸ்தாவுக்குப் பன்னிரண்டு யூனிட்

யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியத்தைச் சாதித்துவிட்டோம் என்ற மிதப்பில்தான் அவள் அன்றைக்கு மருந்துக்கடைக்குப் போனாள். சாதாரண மிதப்பில்லை. மூன்று மாதமாக ஐந்து கம்பெனிப் பாஸ்தாவை வாங்கி, வேகவைத்து, வாயில் போட்டு, துப்பி, ஆறாவதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். மாவுச்சத்து கால்வாசிதான். நாக்கில் வைத்தால் வித்தியாசமே தெரியாது.

வீட்டுக்காரருக்குப் பாஸ்தா என்றால் உயிர். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியேறிக் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். மதியச் சாப்பாடும் மேலேயேதான். இடுக்கில் உட்கார்ந்து கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொள்ள அதுதான் தோது என்பார். சர்க்கரை வியாதி வந்து ஒன்பது வருஷம். போன தடவை கண் டாக்டர், “இப்படியே போனா பார்வைக்கு…” என்று இழுத்தார் பாருங்கள், அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. முதலில் நேர்வழியில்தான் போனாள். மாவுச்சத்து குறைந்த பாஸ்தாவைச் சொல்லிவிட்டே சமைத்துப் போட்டாள். ஒரு வாய் தின்றுவிட்டு, “ஏம்மா, பழைய செருப்பையா வேகவெச்ச?” என்று தட்டைத் தள்ளிவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

சரி, இந்த மனிதருக்குச் சொன்னால் ஏறாது என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள். புதுப் பாஸ்தாவைப் பழைய ஜாடியில் கொட்டி வைத்து, அன்று காலைதான் முதன்முதலாக டப்பா நிறைய அடைத்துக் கொடுத்தாள். வாணலியிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, “இன்னிக்குப் பிரமாதம்” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார் மனுஷன். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“அக்கா, ஜெயிச்சுட்டேன்!” என்று மருந்துக்கடை அக்காவிடம் முழுக்கதையையும் அளந்தாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

“இரு இரு. உன் வீட்டுக்காரர் இன்சுலின் ஊசி போடுறவராச்சே. எத்தனை யூனிட்டுன்னு யாரு பார்க்குறது?”

“அது அவர் பாடுக்கா. சாப்பாடு என் பாடு, ஊசி அவர் பாடு. ஒரு டப்பா பாஸ்தான்னா பன்னெண்டு யூனிட்டு. டாக்டரே போட்டுக் குடுத்த கணக்கு.”

“இன்னிக்கும் பன்னெண்டா?”

“எப்பவும் பன்னெண்டுதான்.”

அக்கா கல்லாவை விட்டு எழுந்துவிட்டாள். “அடிப்பாவி! அது பழைய பாஸ்தாவுக்குப் போட்ட கணக்குடி. அதுல முக்கால்வாசி மாவை நீ எடுத்துட்ட. போட்ட மருந்து சும்மா இருக்குமா? உடம்புல இருக்கிற சர்க்கரையை இறக்கிக்கிட்டே போகும். கை நடுங்கும், புத்தி தடுமாறும், அப்படியே மயங்கிச் சாஞ்சுடுவாரு. எத்தனை மணிக்குச் சாப்பிடுவாரு?”

“பன்னெண்டரைக்கு. ஊசியும் அப்பத்தான், மேலேயே.”

இரண்டு பேரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒன்று பத்து.

“டாஃபி கீஃபி ஏதாவது சட்டைப்பையில வெச்சிருப்பாரில்ல?”

வைத்திருப்பார் என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஆபத்துக்கென்று வைத்திருந்த டாஃபியை ருசிக்குத் தின்று தீர்க்கிறார் என்று போன வாரம் ஒரு சண்டை. சண்டை முடிந்த கையோடு, சர்க்கரை இல்லாத டாஃபியாக மாற்றிச் சட்டைப்பையில் போட்டவள் அவளேதான். அதையும் அவரிடம் சொல்லவில்லை.

அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பழச்சாறு பாட்டிலை எடுத்து அவள் கையில் திணித்தாள். “அசல் சர்க்கரை போட்டது. நிக்காத, ஓடு!”

ஓடிக்கொண்டே போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஏறுவதற்கு முன் போனைக் கீழே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது அந்த சைட்டின் சட்டம். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? இரண்டு தெரு தள்ளித்தான் சைட். அந்த இரண்டு தெருவும் அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது. நான் கொன்றுவிட்டேனா, நானே கொன்றுவிட்டேனா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வாசலில் காவல்காரர் மறித்தார். அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்துவிட்டாள். தகரத் தடுப்பு, சிமெண்டு மூட்டை, தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் கிரேனின் மஞ்சள் கால். அண்ணாந்து பார்த்தாள். ஒரு கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஏழாம் தளத்தில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

கிரேனுக்குக் கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்கிறவனை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதும் சிரித்த முகம். இப்போது அது வெளிறிப் போயிருந்தது.

“அண்ணே, இடப்பக்கம்னு சொல்றேன், நீங்க வலப்பக்கம் போறீங்க. நிறுத்துங்கண்ணே!” என்று கத்திக்கொண்டிருந்தான். மேலேயிருந்து கரகரவென்று பதில் வந்தது. “எனக்குத் தெரியும்டா. நீ யாரு எனக்குச் சொல்ல?” அவள் புருஷன் குரல்தான். ஆனால் குடித்தவன் பேச்சு மாதிரி குழறியது.

அவள் வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள்.

“என்னங்க, நான்தாங்க. உங்களுக்குச் சர்க்கரை இறங்குதுங்க.”

“நீ எங்கம்மா இங்க? எனக்கு ஒண்ணுமில்ல. பாஸ்தா இப்பத்தானே சாப்பிட்டேன்.”

“அது பழைய பாஸ்தா இல்லீங்க. மாவு கம்மியான பாஸ்தா. நான் மாத்திட்டேன். உங்ககிட்ட சொல்லல.”

அந்த அலைவரிசையில் சைட் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கான்கிரீட் கலக்குகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். மானம் போனால் போகட்டும், உயிர் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மேலேயிருந்து குரல் வந்தது. “பரவால்ல. பையில டாஃபி இருக்கு.”

“அதுலயும் சர்க்கரை இல்லீங்க. அதையும் மாத்திட்டேன்.”

“பிளாஸ்குல டீ…”

“அதுலயும் இல்லீங்க!” அவள் கதறிவிட்டாள். “மேல உங்ககிட்ட எதுலயுமே சர்க்கரை இல்லீங்க!”



விசில் வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டான். குரலைத் தணித்தான். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் எண்ணிக்கிட்டே வர்றேன். ஒவ்வொரு எண்ணுக்கும் கொஞ்சங்கொஞ்சமா இடப்பக்கம் தள்ளுங்க. அப்புறம் இறக்கலாம்.” எண்ணினான். ஏழாம் தளத்து ஆட்கள் படிக்கட்டுப் பக்கம் ஓடினார்கள். கம்பிக்கட்டு நடுங்கிக்கொண்டே நகர்ந்து, காலி மண்தரைக்கு மேல் வந்து, இறங்கியது. தரையில் மோதிய வேகத்தில் அவள் காலடி அதிர்ந்தது. “மோட்டாரை அணைச்சுட்டு அப்படியே உக்காருங்க. ஏணிப் பக்கம் வரவே கூடாது.”

பதில் இல்லை.

“அண்ணி, அதைக் குடுங்க” என்று பாட்டிலை வாங்கிச் சட்டைக்குள் சொருகி, வாக்கிடாக்கியை அவளிடம் கொடுத்துவிட்டு விசில் ஏணியேறினான். அவள் கீழே நின்று, அவன் செருப்பு ஒவ்வொரு கம்பியாகச் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தாள். அழுகைகூட வரவில்லை. பார்வை போய்விடுமே என்று பயந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. பாதியில் விசில் நின்று மூச்சு வாங்கினபோது, “நிக்காதப்பா!” என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். அவனுக்குக் கேட்டிருக்காது.

பத்து நிமிஷத்துக்குமேல் ஆகி வாக்கிடாக்கி கரகரத்தது. “அண்ணி, முழிச்சுத்தான் இருக்காரு. குடிச்சுட்டாரு.”

அவள் சிமெண்டு மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்தாள்.

குடித்ததும் இறங்கிவிட முடியாது. தலை தெளிந்து, கால் நிலைப்பட அரைமணி நேரம் மேலேயே உட்கார்த்தி வைத்திருந்தான் விசில். அதற்குள் அவள் வாசல் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு பன் வாங்கிவந்தாள். இரண்டு பேரும் இறங்கினார்கள், விசில் கீழேயும் அவர் மேலேயுமாக. தரையில் கால் வைத்தபோது அவர் சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தாள். நாலு பேருக்கு முன்னால் கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவர் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“பசிக்குது” என்றார்.

அவள் அவசர அவசரமாகப் பன்னைப் பிரித்து நீட்டினாள். அவர் கை பாதி வரைக்கும் வந்து நின்றது. பன்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் போட்டதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்காதவர், விசில் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் தின்னு பார்த்துச் சொல்லேன்.”