தேவநேசனின் கல்

திரையில் கதாநாயகன் டார்ச் லைட்டை அந்தக் கல்லின் மேல் ஓட்டினான். எகிப்து ராஜாவின் கல்லறையாம். நாலாயிரம் வருஷப் பழசாம். தங்க நிறப் பெயிண்ட் அடித்து, ஓரத்தில் ஒரு கண்ணும் பருந்தும் வரைந்து, கல்லைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். நடுவில் குழி குழியாக ஐந்து எழுத்து. அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தான். “இந்தக் கல்லை அசைப்பவன் ரத்தம் கக்கிச் சாவான்.” கூடலூர் தியேட்டரில் முன் வரிசையில் ஒரு குழந்தை அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்தக் கல்லில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தேவநேசன் என்று எழுதியிருந்தது. அது என் வீட்டுக்காரர் பெயர். எழுதியவள் நான்.

நடுவட்டத்துக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் செத்தவர்களைப் புதைக்க ஒரு சரிவு உண்டு. மரச்சிலுவை நடலாம், சிமெண்ட் கூடாது. எஸ்டேட் மண்ணில் தொழிலாளி நிரந்தரமாக எதையும் வைக்கக்கூடாது என்பது அவர்கள் ரூல். எங்கள் மலை மழைக்கு மரச்சிலுவை இரண்டு வருஷம் தாங்கும். அதற்கப்புறம் யார் எங்கே கிடக்கிறார் என்று தேயிலைச் செடியைத்தான் கேட்க வேண்டும்.

தேவநேசன் இருபத்திரண்டு வருஷம் நர்சரியில் விதை போட்டவர். தேயிலைக் கொட்டைகளைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்குவதை மட்டும் பொறுக்கி நடுவார். அவர் செத்துப்போன வருஷம் நானும் பக்கத்து வீட்டு மருதாம்பாளும் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் பலகைச் சட்டத்துக்குள் சிமெண்ட் ஊற்றினோம். மூழ்கிய கொட்டைகளை ஈரத்தில் அழுத்தி அவர் பெயரை எழுதினேன். இறுகியதும் ஊசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தேன். கல்லைக் கொழுந்துச் சாக்கில் போட்டு, மேலே கொழுந்தைப் பரப்பி, நாலு பெண்கள் சுமந்துபோய்ச் சரிவில் பதித்தோம். கட்டிய புருஷனுக்குக் கல் வைக்கத் திருடிகளைப் போலத்தான் போக வேண்டியிருந்தது.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் பம்பாயிலிருந்து படக்காரர்கள் வந்தார்கள். மூடிக்கிடந்த பழைய ஃபாக்டரி பிரமிடு ஆனது. மரத்தூளைக் கொட்டிப் பாலைவனம் என்றார்கள். கொழுந்து வாட்டும் சாக்குத்துணியைக் கிழித்து எங்கள் லைன் ஆறுக்குட்டியின் மேல் சுற்றி அவனை மம்மி ஆக்கினார்கள். அவன் அந்தக் கோலத்திலேயே வீட்டுக்கு டீ குடிக்க வந்தான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கல்லறைத் திருநாள் அன்று சுண்ணாம்பும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனேன். கல் இருந்த இடத்தில் நீளவாக்கில் வெறும் மண். அதில் ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது.

சூப்பர்வைசர் லிங்கசாமி வாயிலிருந்த பீடியைக்கூட எடுக்கவில்லை.

“ஏனுங்க ஜெஸிந்தாக்கா, அது உங்க கல்லுன்னு எனக்கு எப்புடித் தெரியும்? சிமெண்ட் வெக்கக் கூடாதுன்னுதான ரூலு. அப்பொறம் தொழிலாளி கல்லு அங்க எப்புடி இருக்கும்? வெள்ளக்காரன் காலத்துக் கல்லுன்னு நெனச்சு, எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டனுங்க.”

“பேரு இருந்துச்சே. படிச்சுப் பாக்கலீங்களா?”

“குழியில மழத்தண்ணி நின்னுச்சுங்க. கவனிக்கல. படம் முடிஞ்சா அப்புடியே கொண்டாந்து வெச்சுருவாங்க.”

மேனேஜரிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “சிமெண்ட் போட உனக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?” புகார் எழுதிக் கொடுத்தால் நடவடிக்கை முதலில் உன்மேல்தான் வரும் என்றும் சொன்னார். பறிகொடுத்தவளைக் கூண்டில் ஏற்றுகிற நியாயம் இது. படக்காரர்கள் லாரி ஏறிப் போனார்கள். கல் திரும்பி வரவில்லை. பத்திரமாகப் பம்பாயில் இருக்கிறது என்று லிங்கசாமி பார்க்கும்போதெல்லாம் சொன்னான்.

அந்தப் படம் தமிழ் பேசிக்கொண்டு கூடலூருக்கு வந்தபோது மருதாம்பாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு எகிப்தும் வேண்டாம், பேயும் வேண்டாம். கல் முழுசாக இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். இருந்தால் பம்பாய் வரைக்கும் போய்க் கேட்பேன் என்று இருந்தேன்.

படமா அது! சுடுகிற பாலைவனம் என்கிறார்கள், பேசுகிறவன் வாயிலிருந்தெல்லாம் குளிரில் புகை வருகிறது. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம் ஆடுகிறது. அதையெல்லாம் மன்னித்துவிடலாம். கல்லுக்கு முன்னால் நின்று அந்தக் கதாநாயகன், “பத்தாயிரம் அடிமைகளைக் கொன்ற கொடுங்கோலன் இங்கே உறங்குகிறான்” என்றானே, அதை எப்படி மன்னிப்பது? நாற்றுக்கு நிழல் போதவில்லை என்று தன் வேட்டியை அவிழ்த்துப் பந்தலில் கட்டிவிட்டு, சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த மனுஷன் அவர். அவரா கொடுங்கோலன்?

பிறகு அவன் கடப்பாரையை எடுத்தான். நான்காவது அடியில் கல் மூன்றாக உடைந்தது. அட்டை உடைந்தால் அந்தச் சத்தம் வராது. தூள் பறக்க, உள்ளேயிருந்து ஆறுக்குட்டி கையை நீட்டிக்கொண்டு எழுந்தான். தியேட்டரே அலறியது. நான் எழுந்து நின்றேன்.

“அது எங்க ஊட்டுக்காரரு கல்லுங்க. தேவநேசன்னு அவரு பேரு எழுதியிருந்துச்சு. ஒடச்சுட்டாங்க, பாருங்க.”

பின்னாலிருந்து ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். “அக்கா, மறைக்குது. கொஞ்சம் உக்காருங்க.”

மருதாம்பாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளும் என் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டாள். யார் கத்தியும் படம் முடிகிறவரை நாங்கள் உட்காரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறுக்குட்டி சிமெண்ட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். “உள்ள படுத்திருந்தனுங்க. வெளிய என்ன கல்லுன்னு பாக்கலீங்க” என்றான். அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றான். முன்னே நட என்று மட்டும் சொன்னேன்.

இந்தத் தடவை வீட்டுக்குப் பின்னால் ஊற்றவில்லை. நடுப்பகலில், ஜீப் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்தச் சரிவிலேயே சட்டத்தை வைத்து ஊற்றினோம். சர்ச் முடிந்து வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். கும்பாவில் தண்ணீர் ஊற்றிக் கொட்டைகளைப் போட்டேன். மிதந்ததை எல்லாம் கையால் ஒதுக்கி வெளியே கொட்டினேன். நேசன் வரைக்கும் வந்திருந்தபோது ரோட்டில் ஜீப் நின்றது. மேனேஜர் இறங்கவில்லை. லிங்கசாமிதான் இறங்கி ஓடிவந்தான். ரத்தம் ஒன்றும் கக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தான்.

“ஜெஸிந்தாக்கா, தொர பாத்துட்டே இருக்கறாருங்க. எடுத்துருங்க.”

“நல்லாப் பாக்கட்டுங்க. நாளைக்கு வெள்ளக்காரன் கல்லுன்னு யாரும் சொல்லப்புடாதுன்னுதான் பகல்ல போடறனுங்க.”

அவன் திரும்பி ஜீப்பைப் பார்த்தான். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. கும்பாவின் அடியில் ஒரே ஒரு கொட்டை கிடந்தது. கடைசி எழுத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளி அது. அதை எடுத்து ஈரச் சிமெண்டில் வைத்து, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜீப்பை நிமிர்ந்து பார்த்தேன்.