நுரைக்குழி

ஞாயிறு பூசை முடிந்து அப்பாவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஜோசெட்டுக்கு அந்த மணம் தெரிந்துவிட்டது. பூண்டும் எலுமிச்சையும் மிளகாயும் போட்டு வேகும் மலைக்கோழி. பெயரில்தான் கோழி, அது தவளை. நோய் வந்து டொமினிக்கா தீவின் மலைகளில் அவை கொத்துக்கொத்தாகச் செத்தபின், மிஞ்சியவற்றைத் தேடி எண்ணுவதுதான் அவள் வேலை. போன வருடம் முழுக்கத் தேடியும் பதினெட்டுதான் கிடைத்தன.

கொல்லையில் குப்பை வாளி இருந்தது. மேலாக ஈரத் தோல் ஒன்று. ஜீப்பிலிருந்து சிப் படிக்கும் கருவியை எடுத்துவந்து அதன்மேல் காட்டினாள். போன மழைக்காலத்தில் அவளே ஊசியால் தோலுக்கடியில் ஏற்றிய சிப்பின் எண்ணைக் கருவி கீச்சென்று காட்டியது. இந்த வருடம் முட்டையிட்ட ஒரே பெண் தவளை.

உள்ளே அண்ணன் கெர்வின் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். வயிற்றில் கட்டி முற்றி, ஒன்பது நாளாகத் தண்ணீர் மட்டுமே குடித்த மனிதர், கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார்.

“எங்க பிடிச்ச?” குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“கத்தாத. அப்பா கேட்டாரு, பிடிச்சேன். நாம காலங்காலமா தின்னப்ப அழியல. வெளியூர்லேந்து நோய் வந்துச்சு, அழிஞ்சுது. இப்ப சாகப்போற மனுசன் ஒரு வாய் தின்னா நான் திருடனா?”

“இன்னும் கொஞ்சம் ஊத்துடா,” என்றார் அப்பா.

பானையைத் தூக்கி எறியக் கை பரபரத்தது. அப்பாவின் நாக்கு உதட்டோரக் குழம்பைத் துழாவுவதைப் பார்த்தாள். கை எழவில்லை. அதுவே அவளை இன்னும் கொதிக்கவைத்தது. அப்பா கிண்ணத்தை வழித்து முடித்துத் தூங்கும்வரை சுவரோடு நின்றாள். பிறகு அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பற்றினாள்.

“வா. பெருசா பேசினியே, வந்து பாரு.”

“விடுடி, வரேன்.”

ஓடைக்கரைச் சேற்றில் வழுக்கிக்கொண்டே இருவரும் இறங்கினார்கள். பெரணிக்கடியில் நுரை படிந்திருந்த பொந்தைக் காட்டி அவன் கழுத்தை அழுத்திக் குனியவைத்தாள்.

“தாய் சில நாளுக்கொருதரம் வந்து கருவில்லாத முட்டை போடும். அதத் தின்னுதான் இந்தத் தலைப்பிரட்டைங்க வளரும். வேற எதுவும் திங்காது. இப்ப நீ போடு அண்ணே. போடு!”

கெர்வின் இன்னும் குனிந்தான். அவன் நிழல் பொந்துக்குள் விழுந்தது. வற்றத் தொடங்கியிருந்த நுரை அசைந்தது. கறுப்பு வால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாயைத் திறந்தபடி அந்த நிழலை நோக்கி மேலே வந்தன.