மூன்றாம் சங்குக்கு முன்

கடைசி நியாயத்தீர்ப்பின் எக்காளம் கருவடிக்குப்பத்தில் முதல் தடவையாக ஊதியது சாம்பல் புதனுக்கு மறுநாள், காலை ஐந்தேகாலுக்கு. ஒரே ஒரு சந்தில் மட்டும்தான் கேட்டது. பக்கத்துச் சந்தில் ஒரு நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. அந்தச் சந்தில் பாதிப் பேர் மூடிப்போன மில்லில் வேலை பார்த்து நரைத்தவர்கள். ஆகவே ஒருவருக்கும் அது எக்காளம் என்று தோன்றவில்லை, மில் சங்கு என்றே நினைத்தார்கள். பதினேழு ஆண்கள் பல் விளக்கி, மிச்சமிருந்த சோற்றை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு, சைக்கிளிலும் மொபெட்டிலும் மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேட்டில் துருப்பிடித்த பூட்டு, உள்ளே ஆள் உயரத்துக்கு ஆமணக்கு. என்ன செய்ய? கொண்டுபோன சோற்றை அங்கேயே தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

முப்பத்தோரு வருஷம் மில்லின் நூற்புப் பிரிவில் நின்ற கோவிந்தராசுதான் வழியில் உண்மையைக் கண்டுபிடித்தார். “மில்லு சங்கு தெக்கேருந்து இல்ல வரும்? இது மேலேருந்து வந்துச்சிப்பா” என்றார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அது கோவில் பதிவேட்டோடு சரி. பங்குச் சாமியார் வந்து விசாரித்தபோது சந்து மொத்தமும் நடுங்கிக்கொண்டிருந்தது, கோவிந்தராசு மட்டும் பீடி பற்ற வைத்தார். மில்லில் மூன்று சங்கு உண்டு. முதல் சங்குக்கு எழுந்திருக்க வேண்டும், இரண்டாவதற்கு ரோட்டில் இருக்க வேண்டும், மூன்றாவதில் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அப்புறம் எந்தத் துரை வந்தாலும் திறக்காது. “ஆனது முதல் சங்குதான் சாமி. நேரம் இருக்குது, ரெடியாயிடலாம்” என்றார். வேதத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை என்று சாமியார் கண்டித்தார். போகிறபோது மட்டும், இரண்டாவது எப்போது ஊதும் என்று மெதுவாகக் கேட்டார்.

அன்றிலிருந்து கோவிந்தராசு மோட்சத்துக்கு ஷிப்ட் போகிறவர் ஆனார். ஐந்தேகாலுக்கு எழுந்து குளித்து, முட்டி போட்டு செபம், வேதத்தில் ஓர் அதிகாரம், அப்புறம்தான் டீ. செவ்வாய்தோறும் பெரியாஸ்பத்திரிக்குப் போய், ஆளில்லாத நோயாளிகளுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். முதல் மாதம் பீடி போயிற்று, மூன்றாம் மாதம் சாயங்காலக் குவார்ட்டர் போயிற்று. குவார்ட்டர் போனதைத்தான் சந்துக்காரர்கள் பெரிய அற்புதம் என்று சொல்லித் திரிந்தார்கள். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை மனிதர். ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில், தீங்கு செய்தவர்களை மன்னிக்கிற அந்த ஒரு வரி வந்ததும் அவர் குரல் கரண்டு போனதுபோல நின்றுவிடும். உதடு அசையும், சத்தம் வராது. வரி முடிந்ததும் கணீரென்று திரும்பி வரும். தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அந்த ஒரு வரிக்கு மாத்திரை கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

காரணம் அவர் மனைவி கொளஞ்சிக்குத் தெரியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மில்லில் முப்பத்தெட்டு நாள் வேலைநிறுத்தம். பன்னிரண்டாம் நாள், கொளஞ்சியின் அண்ணன் கலியமூர்த்தி வாசலை ஒட்டிய பக்கச் சுவரேறிக் குதித்து வேலைக்குப் போனார். வாசலில் பட்டினியாக உட்கார்ந்திருந்த கோவிந்தராசு கண்ணாலேயே பார்த்தார். மச்சான் வீட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று அன்றைக்கு உறவை அறுத்தவர்தான். அண்ணன் வீட்டில் தன் அம்மா செத்த சாவுக்கே கொளஞ்சி உள்ளே போகாமல் ரோட்டில் நின்று அழுதுவிட்டு வந்தாள். பாவி, சாவு வீட்டுப் படி ஏறுவதைக் கூடவா ஒருத்தன் பொறுக்கமாட்டான்?

அடுத்த வருஷம் மாதா விண்ணேற்பு அன்று இரண்டாம் சங்கு ஊதியது. சந்து அல்லோலகல்லோலப்பட்டது. எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு, இரவல் வாங்கி ஏழு வருஷமான இட்லிக் குண்டானைத் துலக்கக்கூட நேரமில்லாமல் திருப்பிக் கொடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கொளஞ்சி அடுப்பை அணைத்துவிட்டுப் புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

“சங்கு ரெண்டாயிடுச்சி. பொழுது விடிஞ்சா நீ முட்டி போடறது இன்னாத்துக்குய்யா? எங்கண்ணன் மூஞ்சப் பாக்காம எந்த மோச்சத்துக்குள்ள உன்ன வுடுவாங்க?”

“ஒரே நாள்ல முடியாதுடி” என்றார் கோவிந்தராசு. பீடியை ஒரே நாளில் விட்டாரா என்ன? தினம் ஒன்று குறைத்துத்தானே விட்டார். அதே வழியைப் பிடித்தார். கலியமூர்த்தி இருப்பது பிள்ளைச்சாவடியில், மகள் வீட்டில். செபம் முடிந்ததும் சைக்கிளை எடுப்பார், சந்து முனை மின்கம்பம் வரை போவார், அதற்குமேல் போகத் துணிவு வராது, திரும்பிவிடுவார். மறுநாள் அடுத்த கம்பம். ஈ.சி.ஆர். ரோட்டில் பஸ்கள் விரட்ட விரட்ட, தினம் ஒரு கம்பம். மழையிலும் போனார், காய்ச்சலிலும் போனார். நூற்று முப்பத்தோராம் நாள் காலை கொளஞ்சி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கேரியரில் உட்கார்ந்துகொண்டாள்.

கலியமூர்த்தி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நேற்றுதான் பார்த்தவர்போல, “வா மாப்ள. வாம்மா கொளஞ்சி” என்றார்.

கோவிந்தராசு சைக்கிளை விடாமல் நின்றார். “அன்னிக்கு ஏன் மச்சான் செவுரு ஏறின?”

“பயந்துட்டேன் மாப்ள.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

கோவிந்தராசுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் அரிசி இல்லை என்று எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? நல்ல காரணம் இருந்தால் மன்னிப்பது லேசாக இருந்திருக்கும். பயமாம்! திரும்பிப் போய்விடலாமென்று ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் நேற்று நின்று திரும்பிய கம்பம் தெரிந்தது, அதற்கு அப்பால் முந்தாநாள் கம்பம். நூற்று முப்பது நாளும் தன்னைத் திருப்பி அனுப்பியது எது என்று அவருக்கே தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டார், மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைச் சொன்னார். இரண்டு வருஷத்துச் சத்தமும் சேர்ந்து வந்ததில், கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வாய் மூடவும் மூன்றாம் சங்கு ஊதியது. இந்த முறை பிள்ளைச்சாவடியிலும் கேட்டது; முந்தின இரண்டும் அங்கே பேச்சாக மட்டுமே எட்டியிருந்தன. கலியமூர்த்தி மடியிலிருந்த மொச்சையெல்லாம் சிதற எழுந்து, காலால் செருப்பைத் துழாவினார். “மூணாவது சங்கு மாப்ள! கேட்ட சாத்திடுவானே!”

“ஒக்காரு மச்சான்” என்றார் கோவிந்தராசு. “நாமதான் உள்ள வந்துட்டமே.”

அதன் பிறகு சங்கு ஊதவில்லை. கேட்டைச் சாத்திவிட்டால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம், ஆகவே நியாயத்தீர்ப்பு நடந்துகொண்டிருப்பதாகவே கருவடிக்குப்பத்தில் இன்றும் பேச்சு. ஐந்தேகாலுக்கு எழுந்து முட்டி போடுவதை யாரும் நிறுத்தவில்லை. மூன்றாம் சங்கு ஊதிய அன்று மத்தியானம் கொளஞ்சி அண்ணன் மகள் வீட்டு அடுப்பில் மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், கோவிந்தராசு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.