வானத்தோடு கழித்த வால்

ஸ்ம்ருதியின் ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் ஸ்ரீரங்கனுக்குச் சுத்தம் என்றால் உயிர். அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டு வாசலில் செருப்புகள்கூட வரிசை தப்பாது. தாம்பரத்துக்குக் கிழக்கே இருந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் அவருடைய மேஜை மேல் ஒரு பேனாவும் ஒரு தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருக்கும். ஆராய்ச்சி நடந்ததற்கான அடையாளம் எதுவும் இருக்காது என்று மாணவர்கள் கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தச் சுத்தம் வானம் வரைக்கும் போனதுதான் வினை.

நட்சத்திரக் கூட்டங்களான கேலக்ஸிகளில் பல, நூற்றுக்கணக்கில் கூடிக் கொத்தாக வாழ்கின்றன. கொத்துக்குள் காலி இடம் என்று நாம் நினைப்பது காலி இல்லை. மெலிதான, கொதிக்கும் வாயு அங்கே பரவிக் கிடக்கிறது. அதற்குள் ஒரு கேலக்ஸி பாய்ந்து வந்தால் எதிர்க்காற்று முகத்தில் அறைகிறது. மின்சார ரயிலின் வாசலில் நிற்கிறவளுடைய துப்பட்டா மாதிரி, கேலக்ஸியின் குளிர்ந்த வாயு பின்னால் மங்கலாக ஒளிரும் வாலாக நீண்டு, கடைசியில் உருவிக்கொண்டு போய்விடும். வாயு போனால் புது நட்சத்திரம் பிறக்காது. ஆனாலும் கேலக்ஸி ஒன்றுமே நடக்காதது போலக் கொஞ்ச காலம் ஜொலிக்கும். ஓய்வுபெற்ற பிறகும் விசிட்டிங் கார்டில் பதவியை விடாத பெரியவர்களை நாம் பார்த்ததில்லையா?

பிரபஞ்சத்தில் எந்தக் கொத்தில் இது நடந்தாலும் தாம் ஆராய்கிற கொத்தில் நடப்பதில்லை என்பது ஸ்ரீரங்கனின் கண்டுபிடிப்பு. “என் கொத்து சாது” என்பார், தாமே பெற்று வளர்த்தது போல. அதை நிரூபித்து மூன்று கட்டுரைகள் எழுதி, மூன்றுக்கும் சால்வை வாங்கியிருந்தார்.

தொலைநோக்கி எடுக்கும் படத்தில் கேலக்ஸியின் ஒளியோடு வானத்தின் சொந்த மங்கல் வெளிச்சமும் கலந்திருக்கும். வானத்தைத் தனியாக அளந்து, படம் முழுவதிலும் அதைக் கழித்துவிட வேண்டும். இது எல்லாரும் செய்வதுதான். வானத்தை எங்கே அளப்பது என்பதில் ஸ்ரீரங்கனுக்கு ஒரு சம்பிரதாயம் இருந்தது. கேலக்ஸியை ஒட்டினாற்போல அளக்க வேண்டும். தூரத்து வானம் வேறு வானம் என்பார். அவரிடம் சேருகிற மாணவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்வது இதைத்தான். அப்படிக் கழித்த படங்களில் கேலக்ஸியின் மறுபக்கம் கறுப்பாக ஒரு பள்ளம் விழும். அது கருவிக் கோளாறு என்று சொல்லி அந்தப் பக்கத்தை வெட்டிவிடுவார். படம் பளிச்சென்று ஆகிவிடும்.

ஒரு மத்தியானம், கேலக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் இடைஞ்சலாக இருந்ததால், ஸ்ம்ருதி படத்தின் கோடியில் வானத்தை அளந்து கழித்தாள். கேலக்ஸிக்குப் பின்னால் அதைவிட நீளமான வால் ஒன்று வந்து நின்றது. தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து திரும்பத் திரும்பச் செய்தாள். வால் அசையவில்லை. மற்ற கேலக்ஸிகளையும் எடுத்துப் பார்த்தாள். சாதுவான கொத்தில் பாதிக்கு வால் முளைத்தது. அவர்கள் இத்தனை நாள் வானம் என்று அளந்தது வாலைத்தான். அளந்த கையோடு அதைக் கழித்தும் விட்டிருந்தார்கள். மறுபக்கத்துப் பள்ளமும் அப்படி அதிகமாகக் கழித்ததால் விழுந்ததுதான்.

ஸ்ரீரங்கன் கையெழுத்து இல்லாமல் அவள் ஆய்வேடு நகராது. அவளுடைய உதவித்தொகையும் முடிந்திருந்தது. அப்படியும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“க்ளீன் பண்ணலையாம்மா? ஒரே அழுக்கா இருக்கு. கழிச்சுட்டுக் கொண்டு வா.”

கேம்ப் ரோடு நெரிசலில் நின்ற பஸ்ஸில் அவள் ஆத்திரத்தில் அழுதாள். ஐந்து வருஷ உழைப்பில் கிடைத்த ஒரே உண்மையான விஷயத்தை அழுக்கு என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

அடுத்த வாரம் அந்த அழுக்குக்கு யோகம் அடித்தது. அவளுடைய ஆய்வை மதிப்பிடும் கூட்டத்துக்கு வரப்போகும் வெளியூர் நிபுணர் ஜோனத்தான் வால்களிலேயே பேர் வாங்கியவர் என்று ஸ்ரீரங்கனுக்குத் தெரியவந்தது. சிரித்த முகமாக ஸ்ம்ருதியின் இருக்கைக்கே வந்தார். இப்படி ஒரு வால் இருக்கும் என்று தமக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம் என்றார். ஆய்வேட்டில் வால் பற்றிய அத்தியாயத்தைத் தாமே கூட்டத்தில் விளக்குவதாகவும், அதைக் கட்டுரையாக்கும்போது தம் பெயரில் போட்டு அவளுக்கு முடிவில் நன்றி சொல்வதாகவும் பெருந்தன்மையோடு அறிவித்தார். கையெழுத்து வேண்டுமே, ஸ்ம்ருதி தலையாட்டினாள்.

கூட்டத்தில் ஸ்ரீரங்கன் பிரமாதமாகப் பேசினார். ஜோனத்தான் திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்று வாலைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். வானத்தை எங்கே அளந்தீர்கள்?

ஸ்ரீரங்கன் நிமிர்ந்து நின்றார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்த ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள்.

“கேலக்ஸிய ஒட்டித்தான் சார். எங்க டிபார்ட்மென்ட்ல எப்பவும் அப்படித்தான்.”

“அப்படி அளந்தா இந்த வால் தெரியவே தெரியாதே, சார்.”

ஸ்ரீரங்கன் ஸ்ம்ருதியைப் பார்த்தார். எதையாவது சொல்லிக் காப்பாற்று என்று அந்தப் பார்வை கட்டளையிட்டது. சார் பழைய முறையைச் சொல்லிவிட்டார் என்று ஒரு வார்த்தை போதும். அது அவள் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பஸ்ஸில் அழுததும் நினைவுக்கு வந்தது.

“ஓரத்துல போய் அளந்தது நான் சார். இந்தப் படம் நான் கழிச்சு எடுத்தது” என்றாள்.

ஜோனத்தான் அதற்குப் பிறகு எல்லாக் கேள்விகளையும் அவளிடமே கேட்டார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்ட பிறகு ஸ்ரீரங்கனும் போட வேண்டியதாயிற்று. எல்லாரும் வடை சாப்பிடப் போனார்கள். ஸ்ரீரங்கன் மட்டும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அப்போ என்னோட பழைய படத்துல எல்லாம்…” என்று, கடைசியாகக் கிளம்பிய ஸ்ம்ருதியிடம் இழுத்தார். குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை. “அதுலயும் வால் இருந்திருக்குமா?”

இந்த முகத்தை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று ஐந்து வருஷமாக ஆசைப்பட்டவள் ஸ்ம்ருதி. பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது. பழியில் பாதியைத் தானே வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“இருந்தது சார். நாமதான் வானம்னு நெனச்சு கழிச்சுட்டோம்.”

ஸ்ரீரங்கன் திரையை இன்னொரு தடவை பார்த்தார். முகம் தெளிந்தது. எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

“நீ அப்பவே பார்த்திருக்கணும்மா” என்றார்.