கியூட்டெக்ஸ் பெட்டி

ஐறீன் தன் நகத்துக்கு ஒருநாளும் கியூட்டெக்ஸ் பூசியவள் அல்ல. ஆனாலும் ஜம்பட்டா வீதியில் இருந்த பான்சிக் கடைக்காரனுக்கு அவளைப் போல ஒரு வாடிக்கையாளர் வேறு இல்லை. மாதத்துக்கு நாலு போத்தல், நாலும் ஒரே சிவப்பு.

“அக்காவுக்கு எத்தனை கை?” என்று அவன் கேட்பான்.

“எனக்கு ரெண்டுதான் தம்பி. பெட்டிதான் நிறைய,” என்பாள் ஐறீன்.

பெட்டி என்றால் ஸ்டெபிலைசர். கொட்டாஞ்சேனையில் அந்தக் காலத்துக் கரண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்னேரமானால் சோர்ந்து விழும், திடீரென்று உருவந்ததுபோல எழும்பும். அந்த ஆட்டத்தில் பிரிட்ஜும் ரீவியும் பொசுங்கிப் போகாமல் நடுவில் நின்று தாங்குவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. கட்டுநாயக்காவில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் சோல்டர் பிடித்தவள் ஐறீன். தொழிற்சாலையை மூடிவிட்டு முதலாளிமார் விமானமேறியதும், தொண்ணூற்றெட்டில், வீட்டின் பின்னறையில் மேசையைப் போட்டுத் தானே பெட்டி செய்யத் தொடங்கினாள். துணைக்கு றோஸி வந்தாள். அவளும் அதே தொழிற்சாலையில் வேலை போனவள்தான்.

கியூட்டெக்ஸ் கதை அங்கேதான் தொடங்குகிறது. சனம் லேசுப்பட்டதா? பெட்டியைக் கழற்றி உள்ளே கையை விட்டுக் குடைந்துவிட்டு, “நாங்க திறக்கவே இல்ல மிஸ், தானா நின்டுட்டு,” என்று வாரன்டி கேட்டு வந்து நிற்கும். ஒரு மகராசன் பியூஸ் இருந்த இடத்தில் ஊசி குத்தி வைத்துவிட்டு, மாதா மேல் சத்தியம் பண்ணினான். அன்றைக்கு ஐறீனுக்கு ஏறிய கோபத்தில், தங்கச்சியின் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த போத்தலை எடுத்து, பின்பக்கத் திருகாணியின் தலையில் ஒரு சொட்டு வைத்தாள். ஆணியைத் திருப்பினால் பொட்டு உடையும். உடைந்தால் வாரன்டி இல்லை. கதை முடிந்தது.

பெட்டிக்கு அவள் பெயர் வைக்கவில்லை. சனம் வைத்தது. “கியூட்டெக்ஸ் பெட்டி இருக்கா?” என்று மருதானைக் கடைகளில் கேட்டு வாங்கினார்கள். வெள்ளவத்தை வரைக்கும் அந்தப் பெயர் போனது.

மருதானையில் அவளுடைய பெட்டிகளை விற்றவன் ஒஸ்வால்ட். ஆறு வருடமாக அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன், இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு தை மாதம் திடீரென்று பெட்டி எடுப்பதை நிறுத்திவிட்டான். என்னவோ ஏதோ என்று ஐறீன் போய்ப் பார்த்தால், கடைக் கண்ணாடிக்குள் புதுப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவில் சிவப்புப் பொட்டு.

“இது என்ன ஒஸ்வால்ட்?”

“என்ட பெட்டி அக்கா. அந்தப் பொட்டையும் எப்பவோ பதிவுக்குப் போட்டுட்டன்.” அவன் முகத்தில் கூச்சமே இல்லை. “உங்கட பெட்டிக்குப் பேரே இல்லையே. பேரில்லாத சாமானுக்கு யாரு சொந்தம்? பதிவு கிடைச்ச பிறகு நீங்க அந்தப் பொட்ட வைக்க ஏலாது. இப்பவே சொல்லிட்டன், பிறகு கோவிக்க வேணாம்.”

ஐறீன் விறுவிறென்று கடையை விட்டு இறங்கினாள். பஸ்ஸில் ஏறியவள் கொட்டாஞ்சேனையில் இறங்க மறந்து அடுத்த தரிப்பிடத்தில்தான் இறங்கினாள். தன் பெட்டிக்குத் தானே போலிக்காரி ஆவதா? பொட்டு இல்லாவிட்டால் கடைக்காரன் அந்தப் பெட்டியைக் கையால் தொடுவானா? றோஸிக்கு என்ன பதில் சொல்வது?

“விடு ஐறீன். கோடு, கச்சேரி, வழக்கு எண்டு நமக்கு ஏன்?” என்றார் கணவர் ஹியூபேட். துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். கடிதம் என்றாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும்.

“விட மாட்டன்,” என்றாள் ஐறீன். அவ்வளவுதான்.

வணிகக் குறிப் பதிவு வேலை செய்கிற விசாலத்தின் அலுவலகம் வெள்ளவத்தையில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஐறீன் மூச்சு வாங்க ஏறிப் போய், “கியூட்டெக்ஸ் எண்ட பேர உடன பதிஞ்சு தாங்க,” என்றாள்.

விசாலம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “ஐயோ அக்கா, அது ஒரு கம்பெனியோட பேருங்க. நகப்பூச்சு எல்லாத்தையும் நாமதான் அப்படிச் சொல்லிப் பழகிட்டோம். அதை நீங்க எடுக்க முடியாது.”

“அம்மா மாதாவே! அப்ப இவ்வளவு நாளும் ஊர் முழுக்க ஊரான்ட பேரையா சொல்லிட்டிருந்தது?”

விசாலம் சிரித்தாள். பிறகு அரசாங்க கெசட்டான வர்த்தமானியை எடுத்துப் புரட்டினாள், சிரிப்பு நின்றுவிட்டது. ஒஸ்வால்டின் விண்ணப்பம் அச்சாகியிருந்தது. ஆட்சேபிக்க மூன்று மாதம் தருவார்கள், அதில் இன்னும் பத்தொன்பது நாள்தான் மிச்சம். “ஆட்சேபனையை நான் எழுதுறேங்க. ஆனா பொட்டு முதல்ல உங்களுதுன்னு காட்டணும். பழைய பெட்டி வேணும், பழசா எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு.”

ஐறீனும் றோஸியும் வீடு வீடாக ஏறினார்கள். அங்கேதான் வேடிக்கை. ஊரே பெட்டியைப் புகழ்கிறது, சத்தியக் கடதாசியில் கையெழுத்தும் போடுகிறது. பெட்டியை மட்டும் ஒருவரும் கொடுக்கிறதாக இல்லை. “இத கழட்டினா பிரிட்ஜ் போயிரும் ஐறீன். ஒரு நாளைக்கும் தர மாட்டன்,” என்று வெள்ளவத்தையில் மாக்ரெட் டீச்சர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். ஐறீனுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வந்ததோ கண்ணீர். “புதுசு ஒன்டு தாறன் டீச்சர், பழசத் தாங்க,” என்று சொல்லி, பிரிட்ஜுக்குப் பின்னால் ஒட்டடையோடு கிடந்த பெட்டியை, பிளக்கை இழுத்துத் தன் கையாலேயே எடுத்தாள். இப்படி ஐந்து பெட்டி சேர்ந்தது.

விசாரணை மறு வருடம்தான் வந்தது. ஒஸ்வால்ட் டை கட்டி வந்திருந்தான். அவனுடைய சட்டத்தரணி எழுந்து, பொட்டு வைக்கும் யோசனையே தன் கட்சிக்காரருடையது என்றார். இந்த அம்மா, அவர் சொன்னதைச் செய்து கொடுத்த கைவேலைக்காரி மட்டுமே என்றார். கைவேலைக்காரி! ஐறீன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு சிங்கள அம்மா. ஒஸ்வால்டின் பெட்டி ஒன்றும் ஐறீனின் பழைய பெட்டி ஒன்றும் அவர் மேசையில் இருந்தன. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மே தித மொகடத?” என்று கேட்டார். இந்தப் பொட்டு எதற்கு என்று கேள்வி.

ஒஸ்வால்ட் இதை எதிர்பார்க்கவில்லை. சட்டத்தரணியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். “லஸ்ஸனட்ட,” என்றான். அழகுக்காம்.

அதிகாரி ஐறீன் பக்கம் திரும்பினார். ஐறீன் எழுந்தாள். கைப்பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். ஒஸ்வால்டின் பெட்டியில் நாலு ஆணியையும் கழற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூடி கையோடு வந்துவிட்டது. முகப்பில் பொட்டு ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே இருந்தது.

“இப்ப இத நீங்க திறங்க மிஸ்,” என்று சிங்களத்தில் சொல்லி, மாக்ரெட் டீச்சரின் பெட்டியை அதிகாரியிடம் நகர்த்தினாள். அவர் ஆணியைத் திருப்பியதும் பொட்டு நொறுங்கி மேசையில் உதிர்ந்தது. “இனி யாரோ திறந்திருக்காங்க எண்டு எனக்குத் தெரியும். இதுக்குத்தான் பொட்டு.”

அதிகாரி மூடியைத் தூக்கினார். உள்பக்கத்தில், வாரன்டிக்காக ஐறீன் ஒவ்வொரு பெட்டியிலும் எழுதுகிற பென்சில் எழுத்து: ஐறீன், 14.11.1998.

“பொட்டை நேற்றும் பூசியிருக்கலாமே!” சட்டத்தரணி துள்ளி எழுந்தார்.

அதிகாரி உதிர்ந்த துண்டை ஒரு வெள்ளைக் கடதாசியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேல்பக்கம் மண்ணிறமாகிப் போயிருந்தது, பிரிட்ஜுக்குப் பின்னால் சேர்ந்த தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஊறிக் கிடந்தன. மற்ற நாலு பெட்டியையும் அவரே திறந்தார். நாலிலும் அதே நிறம், அதே பென்சில். ஒஸ்வால்ட் டையைத் தளர்த்திக்கொண்டான்.

அவனுடைய விண்ணப்பம் தள்ளுபடியானது. ஆனால் தீர்ப்பில் இன்னொரு வரியும் இருந்தது. ஆணித் தலையில் பூச்சு வைப்பது எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடிய வேலை, வெறும் பொட்டு எவருக்கும் தனிச்சொத்தாகாது.

“அப்ப எனக்கும் இல்லையா?” ஐறீனின் குரல் இறங்கிவிட்டது.

“பொட்டோட உங்க பேரையும் சேர்த்துப் போடுங்க. அது உங்களுதாயிடும்,” என்றாள் விசாலம்.

“என்ட பேரா? கரண்ட் சாமான்ல பொம்பிளப் பேரா? யாரு வாங்குவாங்க?”

“ஏங்க, ஏழு வருஷமா பொம்பளைங்க பூசிக்கிற சாமான் பேரச் சொல்லித்தானே கேட்டு வாங்குறாங்க?”

 ஐறீனுக்கு வெட்கம் வந்தது. நல்ல வெட்கம்தான். பென்சிலால் மூடிக்குள் ஒளித்து எழுதிய அதே கையெழுத்தில், ஒரு வெள்ளைக் கடதாசியில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். விண்ணப்பம் மின்சாதனங்களுக்கான ஒன்பதாம் வகுப்பில் போனது.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம், ஹியூபேட் வர்த்தமானியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். கடிதத்துக்கே பயப்படுகிற மனிசன், வாசலிலிருந்தே கத்தினார். “ஐறீன்! றோஸி! வந்திருக்கு, வந்திருக்கு!”

சோல்டர் புகைக்கு நடுவே மூன்று தலையும் பக்கத்தின் மேல் குனிந்தன. ஐறீன் என்று அவளுடைய கையெழுத்து. பக்கத்தில் பொட்டு.

“இது கறுப்பா கிடக்கே!” என்றாள் ஐறீன்.

“கெசட் கறுப்பிலதான் அடிப்பாங்க. கீழ எழுத்தில போட்டிருக்கு பார், நிறம் சிவப்பு எண்டு,” என்றார் ஹியூபேட்.

ஐறீன் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் மனம் ஆறவில்லை. மேசையிலிருந்த போத்தலைத் திறந்து, தூரிகையைப் போத்தல் வாயில் வழித்து, அந்தக் கறுப்புப் பொட்டின் மேல் ஒரு சொட்டு வைத்தாள்.  

ஹியூபேட் ஆசையோடு விரலை நீட்டினார்.

“தொடாதீங்க,” என்றாள் ஐறீன். “காயட்டும்.”