நழுவிய ஒரு சாண்

நான் சொல்வதில் முக்கால்வாசி பொய் என்று வரிச்சிக்குடியில் ஒரு பேச்சு உண்டு. நம்மூர்க்காரர்களுக்கு எப்போதுமே தாராள மனசு. மீதிக் கால்வாசி உண்மையை எங்கே கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் ஏழு வருஷம் சைகோனில் இருந்தேன். அது நிஜம், பென்ஷன் வருகிறது. குதிரைப் படையில் இருந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தது நிஜமில்லை. சமையற்கட்டில் வெங்காயம் உரித்தேன். ஆனால் சமையற்கட்டு ஜன்னலுக்கு நேரே குதிரை லாயம். ஏழு வருஷம் கண்ணீரோடு குதிரை பார்த்தவன் என்று வேண்டுமானால் என்னைச் சொல்லலாம்.

சந்தைக்கடை டீக்கடையில் நான் அவிழ்த்துவிட்ட சைகோன் குதிரை ரொம்பப் பிரசித்தம். மழை பிடித்தால் அதற்குக் காது நனைந்து கால் மணி நேரம் கழித்துத்தான் குளம்பு நனையும். அதற்கு லாடம் அடிப்பவனும் பிடரி சீவுபவனும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. புது வருஷத்துக்கு வாழ்த்து அட்டை போட்டுக்கொள்வார்கள். கேட்கிறவர்கள் டீயைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் சிரிக்க மாட்டான்.

"அப்ப ரெண்டு பேருக்கும் தனித்தனியா சம்பளமா மாமா?" என்று கேட்பான்.

அவன்தான் முத்தையன். என் அண்ணன் மகள் அமுதத்தின் புருஷன். தருமபுரத்தில் வீடு. காரைக்கால் ரயிலடியில் ஜட்கா ஓட்டினான். ஆள் நாலே முக்கால் அடி இருப்பான். வண்டியில் ஏற அவனுக்கு இரண்டு தடவை எம்ப வேண்டும். மற்ற வண்டிக்காரர்கள், "முத்தையா, குதிரை யாரு, நீ யாருன்னு சவாரிக்காரன் கொழம்பிடப் போறான்" என்பார்கள். அதற்கும் சிரிக்க மாட்டான். யோசிப்பான்.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாசம் அவனுடைய வெள்ளைப் பெட்டை ஒரு குட்டி போட்டது. கருங்குட்டி. உடம்பில் ஒன்றுமில்லை, காலாகவே இருந்தது. பிறந்த குதிரைக்குட்டி எல்லாமே அப்படித்தான். வளர வேண்டிய காலில் பெரும்பகுதியை வயிற்றிலேயே வளர்த்துக்கொண்டு வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு ரயிலடியே சொன்னது: "டேய், இது யானையாயிடும்டா."

இரண்டு வாய்க்குக் கொள்ளு போட முத்தையனால் முடியாது. நெடுங்காட்டு சோமசேகரன் பிள்ளைக்கோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஒரு குதிரை வேண்டியிருந்தது. "தாயோ குட்டியோ, எதைக் குடுத்தாலும் சரி, நீயே முடிவு பண்ணு" என்றுவிட்டார். தாயைக் கொடுத்தால் வண்டி நிற்கும். குட்டியைக் கொடுத்தால் ஒன்றும் நிற்காது. யோசிக்கவே இடமில்லாத விஷயம்.

இடையில் நீலகண்டன் நுழைந்தான். கல்யாண ஊர்வலங்களுக்கு பேண்டு செட்டும் காஸ் விளக்கும் குதிரையும் ஏற்பாடு செய்பவன். குதிரை மட்டும் ஒவ்வொரு தடவையும் கும்பகோணத்திலிருந்து லாரியில் வர வேண்டும்.

"முத்தையா, வெள்ளையா, முதுகு நாலே முக்கால் அடி ஒசரத்துல எனக்கு ஒரு குதிரை இருந்தா போதும். காரைக்கால்ல எந்த மாப்பிள்ளை ஏறினாலும் நீதான் கடிவாளம் புடிப்பே. ஜரிகைத் தலப்பா, பூட்ஸு எல்லாம் உனக்கு என் செலவு" என்றான்.

ஜரிகைத் தலப்பாவில் முத்தையன் விழுந்துவிட்டான். ஊரே திரும்பிப் பார்க்கும் ஊர்வலத்தில், உயரமான ஒரு குதிரைக்கு முன்னால் தான் நடப்பதை அவன் அன்றைக்கே பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். நேரே வரிச்சிக்குடிக்கு வந்தான்.

"மாமா, குட்டி எவ்வளவு வளரும்னு நீங்க பட்டாளத்துல கயிறு போட்டுப் பாப்பீங்களாமே. வந்து பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதை வெச்சுத்தான் எதைக் குடுக்குறதுன்னு முடிவு."

கயிறு விஷயம் நிஜம். லாயத்தில் ஒரு வைத்தியர் செய்வதை ஜன்னல் வழியாக நூறு தடவை பார்த்திருக்கிறேன். குட்டி மூன்று மாசம் ஆனதும், முன்னங்கால் நெஞ்சோடு சேரும் முட்டியில் கயிற்றின் ஒரு முனையை வைத்து, குளம்புக்கு மேலே இருக்கும் கணுவரை இழுக்க வேண்டும். பிறகு முட்டி முனையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, கீழ்முனையை அப்படியே மேலே திருப்ப வேண்டும். முதுகுக்கு மேலே அது எங்கே முடிகிறதோ, அதுதான் குதிரை வளர்ந்து நிற்கப்போகும் உயரம். கயிறு பொய் சொல்லாது. அதற்கு என்னைப்போலக் கேட்க ஆள் தேவையில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தருமபுரத்து வாசலில் ரயிலடி வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நீலகண்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அமுதம் குட்டியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் நீலகண்டன் கேட்டான்: "இது கரிக்கட்டையாட்டம் இருக்கே. எனக்கு வெள்ளை வேணும்."

கண்ணோரத்து மயிரைப் பார்த்தேன். நரை ஓடியிருந்தது. "இது வெளுக்கும். அஞ்சாறு வருஷத்துல தாயைவிட வெள்ளையாயிடும்" என்றேன்.

வாசலே சிரித்தது. வைத்தியலிங்கம் என்ற வண்டிக்காரன், "மாமா, அப்படியே என் பொண்டாட்டிக்கும் ஒரு கயிறு போட்டுச் சொல்லுங்க" என்றான். நான் சொன்னது முழு உண்மை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் நான் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை. அது எப்படிப்பட்ட அனுபவம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு கயிற்றை வைத்தேன். முட்டியிலிருந்து கணு. மேலே திருப்பினேன். முதுகுக்கு மேலே ஒரு முழம்கூடத் தேறாத இடத்தில் முடிந்தது. நாலடி. ஒரு விரக்கடை கூடக் கிடையாது. தாயைவிடக் குட்டை.

நிமிர்ந்தேன். முத்தையன் என் எதிரே நின்றான். கைகளைக் கட்டிக்கொண்டு, கோயிலில் திரை விலகுவதற்கு நிற்பவன்போல நின்றான். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. என் பெண்டாட்டி பார்த்ததில்லை. பென்ஷன் கொடுக்கிற குமாஸ்தா பார்த்ததில்லை. ஆளையே பார்க்காமல் பாஸ்போர்ட்டைப் பார்ப்பான் அவன்.

முட்டியில் பிடித்திருந்த இரண்டு விரலையும் கொஞ்சம் தளர்த்தினேன். கயிறு ஒரு சாண் மேலே ஏறியது.

"நாலே முக்கால் அடி" என்றேன். "கொறையாது."

யாரும் சிரிக்கவில்லை. நீலகண்டன் எழுந்து வந்து கயிற்றின் நுனியைத் தொட்டுப் பார்த்தான். வைத்தியலிங்கம் முத்தையனின் தோளில் தட்டினான். குட்டி பால் மறந்ததும் எதைக் கொடுப்பது என்று அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஆடியில் வெள்ளைப் பெட்டை நெடுங்காட்டுக்குப் போனது. சோமசேகரன் பிள்ளையின் வண்டி வாரத்துக்கு இரண்டு நாள் தருமபுரம் வழியாகக் காரைக்காலுக்கு வரும். முத்தையன் வீட்டு வாசல் வந்ததும் அது நின்றுவிடும். வண்டிக்காரன் சாட்டையால் அடிப்பான். நகராது. முத்தையன் உள்ளேயிருந்து வந்து அதன் கழுத்தைத் தடவி, "போம்மா" என்று சொன்ன பிறகுதான் போகும். ஆறு மாசம் கழித்து வண்டிக்காரன் வேறு தெருவழியாகப் போக ஆரம்பித்தான்.

ஜட்காவைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு முத்தையன் மண்டியில் மூட்டை தூக்கப் போனான். அந்த உயரத்துக்கு லாரியில் மூட்டை ஏற்றுவது என்றால் பாதி தூரம் தூக்குவதும் மீதி தூரம் வேண்டிக்கொள்வதும்தான். அமுதம் வரிச்சிக்குடி வயல்களுக்கு நாற்று நட வந்தாள். அவள் நட்டதெல்லாம் கொள்ளாக மாறி ராசாவின் வயிற்றுக்குள் போனது. குட்டிக்கு முத்தையன் ராசா என்றுதான் பெயர் வைத்திருந்தான். இரண்டு வயசானதும், "வண்டியில பழக்கேன்" என்று வைத்தியலிங்கம் சொன்னதற்கு முத்தையன் கோபப்பட்டான். ஊர்வலக் குதிரைக்குத் தோளில் வார்த் தழும்பு இருக்கக்கூடாதாம். அது சுத்தமாகச் சும்மா நின்று தின்றது.

ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் நான் போய் அளப்பேன். முத்தையன் ராசாவைச் சுவரோரம் நிறுத்தி முதுகு உயரத்துக்குக் கரியால் ஒரு கோடு போடுவான். மூன்றாம் வருஷம் கோடு நாலடிக்கு வந்தது. நாலாம் வருஷக் கோடு அதே கோட்டின் மேலே உட்கார்ந்தது.

"என்ன மாமா, நின்னுடுச்சே?"

"நிக்கல மாப்புளே, மூச்சு வாங்குது. சைகோன்ல ஒரு குதிரை நாலு வருஷம் அசையவே இல்ல. அஞ்சாம் வருஷம் ஒரே மழைக்காலத்துல ஒரு முழம் ஏறி, லாயத்துக் கூரையைப் பிரிச்சுத்தான் வெளிய எடுத்தோம்."

"அப்ப நம்ம கொட்டாயையும் இப்பவே ஒசத்திடுறதுதான் நல்லது" என்றான் முத்தையன். உயர்த்தியும்விட்டான். கீற்று வாங்க அமுதத்தின் தோடு போனது.

ஆனால் ராசா வெளுத்தது. நான் சொன்னபடியே, முதலில் மூஞ்சி, பிறகு கழுத்து, அப்புறம் உடம்பெல்லாம் வெள்ளை. அதுதான் வினை. "பாத்தீங்கள்ல? நெறத்தைச் சொன்னப்ப சிரிச்சீங்க. மாமா சொன்னது ஒண்ணு பலிச்சிடுச்சு, இன்னொண்ணு பலிக்காதா?" என்று ரயிலடியில் எல்லோரிடமும் கேட்டான்.

எழுபத்தொன்பதில் காரைக்கால் ஆஸியா பீவி அம்மா மகனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை பிரான்சிலிருந்து வந்திருந்தார், ஆறடிக்கு மேல். கும்பகோணத்துக் குதிரைக்குக் காலில் அடி. வேறு வழியில்லாமல் நீலகண்டன் ஆள் அனுப்பினான். முத்தையன் ஜரிகைத் தலப்பா கட்டிக்கொண்டான். பூட்ஸ் இரண்டு அளவு பெரிசு. உள்ளே துணி அடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. மாப்பிள்ளை காலைத் தூக்கிப் போட்டார். ஏறவேண்டிய அவசியமே இருக்கவில்லை. உட்கார்ந்ததும் அவர் காலுக்கும் தார் ரோட்டுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நான் நழுவவிட்ட அதே சாண். ராசா நாலு எட்டு வைத்தது. பேண்டு செட்டில் பெரிய குழல் ஊதுகிறவன் பக்கத்து ஆளிடம், "மாப்பிள்ளை குதிரையில வர்றாரா, குதிரையை இடுக்கிக்கிட்டு வர்றாரா?" என்றான். ஊதின மூச்சு சிரிப்பில் போய் வாத்தியம் ஒப்பாரி வைத்தது. தெரு முழுக்கச் சிரித்தது.

மாப்பிள்ளை தங்கமானவர். காலை ஊன்றினார், எழுந்து நின்றார், ராசா அவருக்குக் கீழேயிருந்து நடந்து போய்விட்டது. "நான் கார்லயே வர்றேன்" என்றார். ஆஸியா பீவி அம்மா முத்தையன் கையில் ஒரு பொட்டலம் பிரியாணியைக் கொடுத்து, "மனசுல வெச்சுக்காதே தம்பி. குட்டிக் குதிரைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்கள்.

"குட்டிதாங்கம்மா" என்றான் முத்தையன். "இன்னும் வளரும்."

ஐந்து வயசுக் குதிரையைப் பற்றித்தான் அப்படிச் சொன்னான்.

நீலகண்டன் அன்றைக்கே தலப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வேறு வழியில்லாமல் ஜட்காவின் சாக்கை எடுத்தார்கள். அந்த வண்டி தாய்க்குதிரை உயரத்துக்குச் செய்தது. ராசாவைப் பூட்டினதும் முன்பக்கம் சரிந்தது. ஏறின சவாரி அத்தனையும் வழுக்கிக்கொண்டு வந்து முத்தையன் முதுகில் மோதின. ரயிலடியில் இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருவரும் ஏறவில்லை. முத்தையன் மறுபடி மண்டிக்கே மூட்டை தூக்கப் போனான்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் தருமபுரம் போனேன். முத்தையன் கயிற்றுக் கட்டிலில் முதுகுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான்.

"மாப்புளே, அன்னிக்குக் கயிறு நாலடிதான் காட்டுச்சு. நான்தான் விரலை நழுவவிட்டேன். நான் குதிரைப் படையிலயே இல்ல. வெங்காயம் உரிச்சேன்."

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். பதினைந்து வருஷமாக நான் சொன்ன எதற்கும் சிரிக்காதவன், கட்டில் ஆட ஆடச் சிரித்தான்.

"வெங்காயமா! போங்க மாமா. நான் வெசனப்படுறேன்னு என்னைச் சிரிக்க வெக்கப் பாக்குறீங்க. வெங்காயம் உரிச்சவருக்கு ராசா வெளுக்கும்னு எப்படித் தெரியும்?"

சத்தியம் செய்தேன். இன்னும் அதிகமாகச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கதைதான் நீங்க சொன்னதுலயே நல்ல கதை" என்றான்.

வெளியே அமுதம் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க விரலைத் தளத்தினதை அன்னிக்கே பாத்தேன் சித்தப்பா. குட்டி கழுத்தைப் புடிச்சுக்கிட்டு நான்தானே பக்கத்துல நின்னேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"நெறத்தைச் சொன்னீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. ஒசரத்துக்கும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். நீங்க சொன்னா யாரு நம்பப்போறான்னு நெனச்சேன்." முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். "அப்புறம் ராத்திரி அவங்ககிட்ட சொன்னேன். பட்டாளத்துல படிச்சவரு அவரா, நாத்து நடுறவ நீயான்னு கேட்டாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிச்சிக்குடிக்கு நடந்தேன்.

அடுத்த மாட்டுப் பொங்கலன்று போனபோது முத்தையன் ராசாவைக் குளத்துக்கு ஓட்டிப் போயிருந்தான். அமுதம் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலடியில் இருந்த பழைய கரிக்கோடு போயிருந்தது. அதற்கு இரண்டு விரக்கடை கீழே புதிதாக ஒரு கோடு இழுத்தாள். பழசாகத் தெரிவதற்கு அதன்மேல் ஊதி, உள்ளங்கையால் லேசாகத் தேய்த்தாள்.

"என்னம்மா பண்றே?"

"நின்னுடுச்சுன்னு தெரிஞ்சா அவங்க படுத்துடுவாங்க சித்தப்பா. மூட்டைக்குப் போகமாட்டாங்க. நீங்க ஒரே தடவையில ஏத்தினதை நான் இனிமே வருஷத்துக்கு ரெண்டு விரக்கடையா ஏத்தப்போறேன்." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நீங்களும் தவறாம வந்துடணும்."

ராசா வந்தது. வெள்ளை வெளேரென்று, கொம்பில்லாத அதற்கும் நெற்றியில் மாலை கட்டி. முத்தையன் அதைச் சுவரோடு நிறுத்தினான். குனிந்து பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"மாமா! ரெண்டு விரக்கடை ஏறியிருக்கு! அமுதம், இங்க வந்து பாரு!"

அமுதம் வந்து பார்த்தாள். ஆமாம் என்றாள். உள்ளே போய்ப் பரணிலிருந்து கயிற்றை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். பிறகு குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அளங்க சித்தப்பா."

மண்டியிட்டு முட்டியில் கயிற்றை வைத்தேன். கணுவரை இழுத்தேன். மேலே திருப்பினேன். முத்தையன் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றான். அமுதம் என் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நழுவவிட்டேன்.